ஆமையார் போன மறுநாள்

ஒரு காட்டில், ஓடைக்கு அக்கரையில், குட்டிகள் படிக்க ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதால், அங்கே படிக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் மதியம் இலவசமாகச் சோறு போட வேண்டும் என்று யானையரசர் உத்தரவிட்டிருந்தார். தினையும் பச்சைப்பயறும் வள்ளிக்கிழங்கும் அரசரின் களஞ்சியத்திலிருந்து மாதம் தவறாமல் வந்து இறங்கும். சமைப்பது பெருச்சாளி. பாடம் சொல்லிக் கொடுப்பது மான் டீச்சர்.

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துவர ஆள் வேண்டும் அல்லவா? அந்த வேலையை அரசர் ஆமையாரிடம் கொடுத்திருந்தார்.

ஆமையாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. எடுத்த வேலையைப் பாதியில் விடவும் தெரியாது. நடை மட்டும் மெதுவான நடை. காட்டில் மொத்தம் நான்கு பள்ளிக்கூடங்கள். நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றிவர அவருக்கு மூன்று மாதம் ஆகிவிடும்.

அவர் ஓடைக்கரையில் தலை காட்டினாலே மைனாக்களுக்குத் தெரிந்துவிடும். "ஆமையார் வருகிறார்! ஆமையார் வருகிறார்!" என்று கத்திக்கொண்டே பள்ளிக்கூடத்துப் பக்கம் பறக்கும். அவர் அங்கே போய்ச் சேர அதற்கப்புறமும் இரண்டு நாள் பிடிக்கும். பெருச்சாளிக்கு அந்த இரண்டு நாள் போதும்.

அன்றும் அப்படித்தான் ஆயிற்று. ஆமையார் உள்ளே நுழைந்தபோது வாசல் பெருக்கித் தெளித்திருந்தது. பானைகள் பளபளவென்று இருந்தன.

"வாங்க ஐயா, வாங்க!" என்று பெருச்சாளி ஓடிவந்தது. "வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். முதலில் ஒரு வாய் சாப்பிடுங்கள்."

"குட்டிகள் சாப்பிடட்டும். நான் ருசி மட்டும் பார்க்கிறேன்" என்றார் ஆமையார்.

தினைச்சோறு உதிரி உதிரியாக வெந்திருந்தது. பயறு குழைந்து மணத்தது. ஒவ்வொரு தேக்கிலையிலும் உள்ளங்கை அளவு கிழங்கு இருந்தது. குட்டிகள் தலை நிமிராமல் சாப்பிட்டன. சாப்பிட்டு முடித்ததும் ஆமையார் கேட்டார்:

"குழந்தைகளே, வயிறு நிறைந்ததா?"

"நிறைந்தது தாத்தா!" என்று எல்லாக் குட்டிகளும் ஒரே குரலில் கத்தின. அது பொய்யும் இல்லை. அன்றைக்கு உண்மையாகவே நிறைந்திருந்தது.

ஒரு மூலையில் தும்பை என்ற முயல்குட்டி, தன் கிழங்கில் பாதியை இலையில் மடித்து ஒளித்து வைத்தது. ஆமையார் அதைக் கவனித்தார். வீட்டில் தம்பி தங்கை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார். குட்டிகளின் விலா எலும்பு தெரிவதும் அவர் கண்ணில் பட்டது. தூரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள், அதனால் மெலிந்திருக்கலாம் என்று அதற்கும் அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். பிறகு பனையோலையை எடுத்து, நகத்தால் 'நன்று' என்று கீறினார்.

மான் டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெருச்சாளி பக்கத்தில் வந்து நின்றது. டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

"போய் வருகிறேன்" என்று விடைபெற்றார் ஆமையார். பெருச்சாளி வாசல்வரை வந்து கும்பிட்டு வழியனுப்பியது. அவர் முதுகைத் திருப்பியதும் உள்ளே போய் அடுப்பை அணைத்தது.

போனார் என்றால் எவ்வளவு தூரம் போயிருப்பார்? பொழுது சாயும்போது அவர் பள்ளிக்கூட வேலியைத்தான் தாண்டியிருந்தார். அங்கேயே படுத்துவிட்டார். காலையில் எழுந்து மறுபடி நடந்தார். உச்சிவெயில் ஏறியபோது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடிக்கு வந்து சேர்ந்திருந்தார். வெயில் தாங்கவில்லை. தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு சற்றே கண் அயர்ந்தார்.

மணி அடித்தது. முதுகில் ஏதோ பொத்தென்று உட்கார்ந்தது.

"இந்தக் கல் நேற்று இங்கே இல்லையே?" என்றது ஓர் அணில்குட்டி.

"யாராவது உருட்டிக்கொண்டு வந்து போட்டிருப்பார்கள். உட்கார வசதியாக இருக்கிறது" என்றது தும்பை. தும்பை உட்கார்ந்திருந்தது ஆமையாரின் முதுகில்.

எழுந்திருங்கள் என்று சொல்லத்தான் ஆமையார் நினைத்தார். அதற்குள் அவர் மூக்குக்கு முன்னால் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. நாக்கை நீட்டிப் பார்த்தார். வெறும் தண்ணீர்! அதில் தினை வாசனை மட்டும் இருந்தது.

"உன் இலையில் எத்தனை தினை இருக்கிறது?" என்று அணில்குட்டி கேட்டது.

"ஏழு. உனக்கு?"

"எனக்கு நான்குதான். இனிமேல் ஆமைத் தாத்தா எப்போது வருவார்?"

"மாமரம் காய்க்கும்போது வருவார். அதுவரைக்கும் இப்படித்தான்" என்றது தும்பை. "அதற்குத்தான் நேற்றுக் கிழங்கில் பாதியை மிச்சம் வைத்தேன். இந்தா, நீயும் ஒரு கடி கடித்துக்கொள்."

ஓட்டுக்குள் இருந்த ஆமையார் நேற்றுப் பார்த்ததை நினைத்தார். தம்பி தங்கைக்கு என்று நினைத்தோமே! நாளைப் பசிக்கு அல்லவா இந்தக் குழந்தை சேர்த்து வைத்திருக்கிறது! 'நன்று' என்று கீறிய ஓலை அவர் கழுத்தடியில் இருந்தது. அது இப்போது உறுத்தியது.

"தும்பை, கொஞ்சம் எழுந்திரு அம்மா" என்றார் மெதுவாக.

இரண்டு குட்டிகளும் துள்ளி விழுந்தன. கத்தப்போன அணில்குட்டியின் வாயைத் தும்பை பொத்தியது.

"எனக்கு ஓர் இலை கிடைக்குமா?" என்று கேட்டார் ஆமையார்.

தும்பை குடித்து முடித்த தன் இலையைக் கொடுத்தது. ஆமையார் அதை வாயில் கவ்விக்கொண்டு போய், பக்கத்திலேயே நீண்டிருந்த வரிசையின் கடைசியில் நின்றார். வரிசை நகர நகர அவரும் நகர்ந்தார். பெருச்சாளி குனிந்தபடியே அகப்பையை விட்டு எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தது. குட்டிகளின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அதற்கு இல்லை.

"அடுத்து!"

ஓர் இலை பானைக்கு முன்னால் தரையில் வைக்கப்பட்டது. அரை அகப்பை கஞ்சித் தண்ணீர் விழுந்தது.

"இவ்வளவுதானா?" என்றது ஒரு குரல்.

"வேறென்ன வேண்டுமாம்? கிழவர் போயாயிற்று, விருந்தும் முடிந்தாயிற்று. நகரு, நகரு!"

இலை நகரவில்லை. பெருச்சாளி எரிச்சலோடு நிமிர்ந்தது. அகப்பை கையிலிருந்து நழுவிப் பானைக்குள் விழுந்தது.

"ஐயா! நீங்கள் இன்னும் போகவில்லையா?"

"போய்க்கொண்டுதான் இருக்கிறேன். என் நடை இவ்வளவுதான்" என்றார் ஆமையார். "தினை எங்கே?"

"இன்றைக்கு மட்டும்தான் ஐயா… தினையில் வண்டு விழுந்துவிட்டது… அதனால்தான்…"

அப்போது மான் டீச்சர் முன்னால் வந்தார். பெருச்சாளியின் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"வண்டு எதுவும் விழவில்லை ஐயா. அடுப்படிக்குப் பின்னால் ஒரு வளை இருக்கிறது. வருகிற மூட்டையெல்லாம் அங்கேதான் போகிறது. வெளியே சொன்னால் அடுப்பே எரியாது, இந்தத் தண்ணீரும் கிடைக்காது என்று பெருச்சாளி மிரட்டியது. நான் பயந்துவிட்டேன்."

வளையைத் தோண்டிப் பார்த்தார்கள். தினை, பயறு, கிழங்கு எல்லாம் அடுக்கடுக்காக இருந்தன. இரண்டு மாதத்துச் சாப்பாடு. அவ்வளவையும் பெருச்சாளியே சுமந்து வந்து பள்ளிக்கூடத்தில் அடுக்கியது. அன்று சாயங்காலம் குட்டிகள் வயிறாரச் சாப்பிட்ட பிறகுதான் ஆமையார் அங்கிருந்து கிளம்பினார்.

அரசரிடம் போய்ச் சேர்ந்ததும் அவர் ஓலையை நீட்டவில்லை.

"அரசே, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இதுவரை பதினொரு முறை 'நன்று' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதிய பதினொன்றும் தப்பு. பெருச்சாளி திருடியது தானியத்தை. நான் பார்க்காமல் விட்டது குழந்தைகளின் பசியை" என்றார்.

யானையரசர், "உமக்குப் பதில் வேகமாக ஓடுகிற ஒருவரை அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

"வேகமாக வருகிறவர் வேகமாகப் போயும்விடுவார். தினமும் அங்கேயே இருக்கிறவர்கள் பார்க்கட்டும், அரசே. படிக்கிற குட்டிகளின் தாய்மாரில் ஒருவர், முறை வைத்து, நாள்தோறும் பானையைத் திறந்து பார்க்கட்டும். நானும் போவேன். போன இடத்தில் மறுநாளும் இருப்பேன்."

அரசர் சம்மதித்தார். பெருச்சாளியின் வேலை போயிற்று. ஆறு பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்புகிற காட்டுப்பன்றியம்மா சமைக்க வந்தாள்.

மூன்று மாதம் கழித்து ஆமையார் மறுபடியும் ஓடையைக் கடந்தார். மைனாக்கள் வழக்கம்போல் கத்தின. யாரும் வாசல் தெளிக்கவில்லை. பானையைத் தேய்க்க யாரும் ஓடவும் இல்லை. அவர் போனபோது சோறு லேசாகத் தீய்ந்த வாசனை அடித்தது.

"அடி பிடித்துவிட்டது ஐயா. பிள்ளையைப் பார்க்கப் போன நேரத்தில் கிளற மறந்துவிட்டேன்" என்றாள் காட்டுப்பன்றியம்மா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே.

ஆமையார் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டார். எந்தக் குட்டியும் எதையும் இலையில் மடித்து வைக்கவில்லை. மறுநாளும் இருந்து பார்த்துவிட்டு ஓலையை எடுத்து எழுதினார்: 'சோறு ஒருநாள் தீய்ந்துவிட்டது. எல்லோருக்கும் வயிறு நிறைந்தது.'

நீதி: சொல்லிவிட்டு வருகிற நாளில் எல்லாமே சரியாகத்தான் இருக்கும், உண்மையை அறிய மற்ற நாள்களையும் பார்க்க வேண்டும்.