சம்பந்தி மரங்கள்

மழை வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்ட ஒரு மலைக்காட்டுக்குள் தேன்கயம் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. அங்கே துணி காய வேண்டுமென்றால் வெயிலை நம்ப முடியாது, அடுப்பைத்தான் நம்ப வேண்டும். உப்பைக்கூட மூங்கில் குழாயில் அடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். கைபேசியில் பேச யானைப்பாறை உச்சிக்கு ஏற வேண்டும். பேசிவிட்டு இறங்குவதற்குள் அட்டைகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு உதிர்ந்திருக்கும்.

ஊருக்கு முன்னால் ஆறு ஓடியது. பாலம் கிடையாது. இந்தக் கரையில் ஒரு மருதமரம், அந்தக் கரையில் ஒரு நாங்குமரம், இரண்டுக்கும் நடுவே கைப்பருமனில் ஒரு வடம். ஒரு மூங்கில் தெப்பத்தில் நின்று அந்த வடத்தைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் ஊரார் ஆற்றைக் கடந்தார்கள். அரிசி, மண்ணெண்ணெய், மாத்திரை, ஆட்டுக்குட்டி, எல்லாம் அப்படித்தான் ஊருக்குள் வந்தன. கொஞ்சம் கீழே தள்ளி ஆறு ஒரு அருவியாக விழுந்ததால், வடத்தை விட்டவர் கதி அவ்வளவுதான்.

தேன்கயத்துக்காரர்கள் அந்த வடத்தைச் சும்மா கட்டவில்லை. தாலி கட்டுவது மாதிரி, குலவையிட்டுக் கட்டினார்கள். மருது மாப்பிள்ளை வீடு, நாங்கு பெண் வீடு. ஆக, இரண்டும் சம்பந்திகள். ஊரில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் முதல் மஞ்சளும் முதல் எண்ணெயும் சம்பந்தி மரங்களுக்குத்தான்.

சம்பந்திகள் என்று ஆன பிறகு சண்டை இல்லாமல் இருக்குமா?

"ஏ தெப்பம், அந்தக் கரைக்குத்தானே போற?" என்று மருது கூப்பிடும். "அங்க நிக்கிற சம்பந்திகிட்ட சொல்லு. ராவும் பகலும் இப்பிடி இழுத்தா எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போவும்."

தெப்பத்துக்கு ஒரு குணம். அரிசி மூட்டையை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேச்சை மட்டும் நன்றாக ஊறவைத்து, இரண்டு மடங்காக்கித்தான் சேர்க்கும்.

"அத்தை, உங்க சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரு," என்று நாங்கிடம் ஆரம்பிக்கும். "உங்க குடும்பமே பிடிச்சுப் பறிக்கிற குடும்பமாம்."

"யாரு, நானா இழுக்கேன்?" நாங்கின் இலையெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். "இழுக்குறது அவரு! பொண்ணு குடுத்த வீடுன்னா அவ்வளவு இளக்காரமா?"

திரும்பி வரும்போது அந்தப் பேச்சும் இரண்டு மடங்காகிவிடும். தெப்பத்துக்கு அது ஒரு பொழுதுபோக்கு. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பவனுக்கும் ஏதாவது வேண்டாமா?

இப்படியே வருஷங்கள் ஓடின. கோபத்தில் மருது ஆற்றை விட்டு விலகி, பின்னால் ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் ஒரு நாள் தெப்பத்தைக் கூப்பிட்டுத் தீர்த்துச் சொல்லிவிட்டது.

"நாளைக்கு அக்கரைப் பார்கவிக்கும் நம்ம சிவதாசனுக்கும் கல்யாணம். அந்தப் பிள்ளை இங்க வந்து சேருற வரைக்கும் ஊருக்காகப் பொறுத்துக்கிடுதேன். பொறவு என் பட்டையை உரிச்சு உதறிருவேன். வடம் அதுவா வழுகி விழுந்திரும். இனி அவிய உறவே எனக்கு வேண்டாம்."

தெப்பம் முதல் தடவையாகத் திடுக்கிட்டது. "அப்போ ஊருக்கு அரிசி எப்பிடி வரும்?"

"அதை உன் அத்தைகிட்ட போய்க் கேளு."

மறுநாள் காலையில் ஊரே மருதின் அடியில் கூடியது. மாப்பிள்ளை சிவதாசன் கையாலேயே சம்பந்தி மரத்துக்கு எண்ணெய் வைத்தார்கள். குறை வைக்கக் கூடாது என்று ஆளாளுக்கு ஒரு கரண்டி. எண்ணெய் மரத்தில் வழிந்து வடத்தின் முடிச்சில் ஊறி நின்றது. முடிச்சு வழுக்குமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மரியாதை கூடும்போது தேன்கயத்தில் புத்தி கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும்.

அக்கரையிலிருந்து பெண்ணை அழைத்துவரப் போனவர் மாப்பிள்ளையின் அப்பா தாணப்பன். தெப்பத்தில் அவரும், பெண் பார்கவியும், அவள் அம்மா குஞ்ஞம்மையும் ஏறினார்கள். வடத்தை இழுத்தவன் தெப்பக்காரன் வேலப்பன்.

"எங்க பிள்ளைய இந்த ஓட்டைத் தெப்பத்துலயா கூட்டிட்டுப் போறிய?" என்றாள் குஞ்ஞம்மை.

"பின்ன, உங்களுக்குக் கப்பலா அனுப்புவாவ?" என்றார் தாணப்பன்.

ஓட்டை என்று சொன்னதில் தெப்பத்துக்கு வருத்தம். ஆனாலும் சண்டை ருசியாக இருந்ததால் காதைத் தீட்டிக்கொண்டு மிதந்தது.

நடு ஆற்றுக்கு வந்தபோது தண்ணீரின் நிறம் மாறியது. மேலே மலையில் மழை கொட்டியிருக்க வேண்டும். ஆறு பொங்கியது. அதே நேரத்தில் ஊருக்குப் பின்னாலிருந்த மலையோடை கட்டவிழ்ந்து இறங்கி, மருதின் பின்பக்கத்து மண்ணை அள்ளிக்கொண்டு போனது. வருஷக்கணக்காக எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு சாய்ந்திருந்ததோ, அந்தப் பக்கம் பிடிக்க மண்ணே இல்லை.

மருது மல்லாக்கப் போனது. வேர்கள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டன. "போச்சு" என்று நினைத்த அந்த நொடியில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து நிறுத்தியது.

என்ன அது? மருது தன் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தது. வேர் இல்லை. மண் இல்லை. இடுப்பில் இருந்த வடம்தான். இத்தனை வருஷமாக அது திட்டித் தீர்த்த அதே இழுப்பு.

அப்போது எண்ணெய் வேலையைக் காட்டியது. முடிச்சு ஒரு சாண் வழுகியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, நடுவில் தூது இல்லாமல், மருது ஆற்றைத் தாண்டிக் கத்தியது. "சம்பந்தீ! விட்டிராதிய!"

"நான் என்னைக்கு விட்டேன்?" நாங்கின் குரல் வெள்ளத்துக்கு மேலே கேட்டது. "நீங்க முதல்ல அந்தப் பட்டையை உரிக்காம இருங்க! நீங்க விட்டா நானும் மல்லாக்கத்தான்!"

நடுவில் தெப்பம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே அலறியது. "ரெண்டு பேரும் பிடிங்க! நான் சொன்னதுல பாதி நானாச் சேர்த்தது!"

உதிரக் காத்திருந்த பட்டையாலேயே மருது வடத்தை அழுத்திப் பிடித்தது. பட்டை கிழிந்தது. வலித்தது. விடவில்லை.

தெப்பத்தில் வேலப்பன் ஒற்றை ஆளாக இழுத்துத் தவித்தான். "என்னால ஒத்தைக்கு முடியல்ல மக்கா! எல்லாரும் பிடிங்க!"

பெரியவர்கள் இருவரும் அப்போதும், தெப்பத்தில் வரச் சொன்னது யார் என்பதில்தான் நின்றார்கள். பார்கவி பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தாள். "மாமா, பேசுறதைப் பொறவு பேசலாம், இப்பம் இழுங்க! அம்மா, நீயும்தான்!"

மாமனாருக்கு மருமகள் போட்ட முதல் உத்தரவு அது. தாணப்பன் மறுபேச்சில்லாமல் இழுத்தார். அவர் கைக்குப் பக்கத்தில் குஞ்ஞம்மையின் கை.

கரையில் சிவதாசனுக்கு முடிச்சு மினுமினுப்பதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. "சாம்பல் கொண்டாங்க! சாம்பல்!" கல்யாண அடுப்பிலிருந்து கூடை கூடையாகச் சாம்பல் வந்தது. எண்ணெய் வைத்த அதே கையால் முடிச்சில் அப்பி அப்பித் தேய்த்தான். வடம் வழுகுவது நின்றது. ஒரு கை, ஒரு கையாக நகர்ந்து தெப்பம் கரையை முட்டியது.

வெள்ளம் வடிந்ததும் ஒருவரும் பந்தியில் உட்காரவில்லை. பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் சேர்ந்து கல்லும் மண்ணும் சுமந்து மருதின் பின்பக்கத்தை நிரப்பினார்கள். முகத்தில் சாம்பலோடு மாப்பிள்ளை, முழங்கால் வரை சேறோடு பெண். அப்படியே தாலி கட்டி முடித்தார்கள். பாயசம் ஆறித்தான் போயிருந்தது. குஞ்ஞம்மை ஒரு குறையும் சொல்லாமல் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தாள். எனக்கென்னவோ அன்றைக்கு நடந்ததிலேயே பெரிய அதிசயம் அதுதான் என்று படுகிறது.

பெண் வீட்டுக்காரர்களைக் கொண்டுபோய் விடத் தெப்பம் கிளம்பியது. மருது மெல்லக் கூப்பிட்டது.

தெப்பம் தலையைக் குனிந்துகொண்டது. "சொல்லுங்க. இனி சொன்னதைச் சொன்னபடியே சொல்லுதேன். என்ன சொல்லணும்? கொஞ்சம் விட்டுப் பிடிக்கச் சொல்லணுமா?"

மருது கிழிந்த பட்டையோடு நிமிர்ந்து நின்றது. அக்கரையைப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் பலமா இழுக்கச் சொல்லு."