வாணராயரின் மாற்றுக்குடை

கழுகுமேட்டுக் கோட்டையை ஆண்ட வாணராயருக்கு ஒரு பைத்தியம் உண்டு. பிறந்தநாள் வந்தால் போதும், மலையுச்சியில் ஏறி நின்று கீழே குதிப்பார். பயப்பட வேண்டாம், முதுகில் வான்குடை இருக்கும். இந்தக் காலத்தில் பாராசூட் என்கிறோமே, அதேதான். பட்டில் தைத்தது. அது விரியாமல் காலை வாரினால் என்ன செய்வது என்று மார்பில் இன்னொன்றும் கட்டிக்கொள்வார்கள். அதற்கு மாற்றுக்குடை என்று பெயர். முந்தின வருஷம் அவரோடு குதித்த தளபதியின் பெரிய குடை கயிற்றில் சிக்கி, மாற்றுக்குடைதான் அவரை உயிரோடு தரையில் சேர்த்தது.

இந்த வருஷம் அரசருக்கு மாற்றுக்குடை மேல் கோபம். மார்பில் மூட்டை கட்டிக்கொண்டு நின்றால் சுமைகூலிக்காரன் மாதிரி தெரிகிறதாம். மந்திரி அனந்தப்பர் இதற்காகவே காத்திருந்தவர். சின்னதாக ஒன்று தைத்துவிடலாம், சால்வைக்குள் அடங்கிவிடும், மகாராஜாவின் எடைக்கு அது தாராளம் என்றார்.

மகாராஜாவின் எடை என்ன? அங்கேதான் சங்கதியே இருக்கிறது. பிறந்தநாள்தோறும் அரசர் துலாபாரம் கொடுப்பார். ஒரு தட்டில் அவர் உட்கார, மறுதட்டில் வெல்லத்தை அள்ளி அள்ளிப் போடுவார்கள். அரசரின் தட்டு மேலே எழும்பும்வரை போடுவார்களே தவிர, எவ்வளவு போட்டோம் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கடைசியில் மந்திரி எழுந்து "ஐந்து மணங்கு" என்று அறிவிப்பார். முடிசூடிய நாளில் அரசர் ஐந்து மணங்குதான் இருந்தார், இந்தக் காலத்துக் கணக்கில் ஐம்பத்தைந்து கிலோ சொச்சம், ஒல்லிப்பிச்சான். அதற்குப் பிறகு அரண்மனைச் சமையல்காரன் சும்மாவா இருந்தான்? ஆனால் அரசரின் எடை வேறு என்று வாய்திறந்து சொல்பவன் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதியதும் மந்திரிதான். வருஷம் தவறாமல் அறிவித்து அறிவித்து, பாவம், அவரே அதை நம்பியும் விட்டார்.

ஆக, சின்னக் குடை ஐந்து மணங்குக் கணக்கில் தைத்து வந்தது. சபையில் விகடம் பேசும் அம்பலத்தாடி அதைப் பார்த்தான், மனசுக்குள் கணக்குப் போட்டான். ஐந்து மணங்கு என்பதே பொய். அது போக கிரீடம், வாள், மிதியடி, நகை, முதுகில் சுருண்டு கிடக்கும் பெரிய குடை எல்லாம் சேர்ந்தல்லவா தொங்கப் போகிறது? பெரிய குடையை ஆசைக்குத் தைக்கலாம். மாற்றுக்குடையை அவிழ்க்கும் நேரத்தில் தரை கிட்டே வந்திருக்கும், மனுஷனுக்கு நினைவு இருக்குமோ என்னவோ. மயங்கித் தொங்கினாலும் மெல்ல இறக்கிவிடுகிற அகலம் அதற்கு வேண்டாமா? அவனுக்கு அரசர் மேல் உண்மையான பிரியம் உண்டு. ஆனால் காரணத்தைச் சொன்னால் அவன் நாட்டில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் அரசரே இருக்க மாட்டார்.

பிறந்தநாள் வந்தது. மலையுச்சியிலேயே துலாபாரம் நடந்தது. வெல்லத்தை மூட்டை கட்டி, மந்திரி தன் கையாலேயே அரக்கு முத்திரை வைத்து, "ஐந்து மணங்கு" என்று கணீரென்று அறிவித்தார். அம்பலத்தாடி முன்னால் வந்து கும்பிட்டான். சின்னக் குடை பிரமாதம் என்று புகழ்ந்தான். மந்திரிக்கே ஆச்சரியம்.

"ஒரே ஒரு விண்ணப்பம், மகாராஜா. கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது. இந்த வெல்லத்தை எப்படியும் கீழே கொண்டுபோகத்தானே வேண்டும்? ஆட்கள் எதற்குச் சுமக்க வேண்டும்? இந்தச் சின்னக் குடையிலேயே இறக்கிவிடலாமே. தங்கள் மார்பில் ஏறும் முன் அதற்கும் ஒரு புண்ணியம் கிடைக்கும்."

அரசருக்கு யோசனை பிடித்துப்போனது. மந்திரியும், பேஷாகச் செய்யலாம் என்று தலையாட்டினார். கீழே இருந்தவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, மூட்டையைக் குடையில் கட்டித் தள்ளினார்கள்.

குடை ஒழுங்காக விரிந்தது. விரிந்து என்ன பயன்? மூட்டை நிதானமே இல்லாமல் சரசரவென்று இறங்கி, அடிவாரத்துப் பாறையில் மோதிய சத்தம் உச்சிவரை கேட்டது. எல்லாரும் படியிறங்கி ஓடினார்கள். கோணி கிழிந்து, வெல்லம் பொடிப்பொடியாய்ச் சிதறிக் கிடந்தது. அரசர் அதைப் பார்த்தபடியே தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மந்திரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது சதி, மகாராஜா. என் குடையில் குற்றமில்லை. பாருங்கள், இந்த வெல்லம் எட்டு மணங்குக்குக் குறையாது. யாரோ கூட்டிக் கட்டியிருக்கிறார்கள்."

அம்பலத்தாடி குனிந்து கோணியின் வாயை எடுத்துக் காட்டினான். முடிச்சும் அவிழவில்லை, மந்திரியின் முத்திரையும் உடையவில்லை.

"தராசுத் தட்டிலிருந்து இறக்கிய மூட்டை அப்படியே இருக்கிறது, சுவாமி. மறுதட்டில் யார் இருந்தார்கள் என்று தங்களுக்குத் தெரியாதா?"

அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அனந்தப்பருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். மேற்கே பார்த்தார். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அரசர் மந்திரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்பலத்தாடியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல். என் எடை ஐந்து மணங்கா, எட்டா?"

கத்திமேல் நிற்கிற கேள்வி. அம்பலத்தாடி கைகட்டி, பணிவாகச் சொன்னான்.

"சிங்காசனத்தில் இருக்கும்வரை ஐந்துதான், மகாராஜா. குதித்தால்தான் கூடிவிடுகிறது."

அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எத்தனை மணங்கு குலுங்கியது என்று யாரும் கேட்கவில்லை. குதிப்பதைத் தள்ளிவைத்து, கிரீடம் வாள் எல்லாவற்றோடும் தன்னை மறுபடி நிறுக்கச் சொல்லி, அந்தக் கணக்குக்கு அகலமான மாற்றுக்குடை தைக்கச் சொன்னார். கழுத்திலிருந்த முத்துமாலை அம்பலத்தாடிக்குப் போனது.

மந்திரியை நாடு கடத்தவில்லை. புது மாற்றுக்குடை நல்ல கனம். அதை வருஷாவருஷம் உச்சிவரை சுமந்து வருகிற வேலையை அரசர் அவருக்கே கொடுத்துவிட்டார்.