தணிகாசலம் பிடித்த வாளி

“அம்மா, என்னைப் பந்தியிலேருந்து எடுத்துடுங்க” என்றார் தணிகாசலம்.

பூங்கோதை அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“ஏன்?”

“நேத்து ரசவாளி கையிலேருந்து நழுவிடுச்சு. கொதிக்கிற ரசம். சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி காலை இழுத்துக்கிட்டதால தப்பிச்சாங்க.”

மலையடிவாரத்துச் சிறிய மடம் அது. மத்தியானம் யார் வந்தாலும் இலை உண்டு. மடத்தை நடத்தியவர் அம்மையார். சீடரான தணிகாசலம் அவரைவிட வயதில் மிக மூத்தவர். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து பரிமாறுவது அவர் வேலை.

கொஞ்ச காலமாக அவருடைய இரண்டு கைகளும் சொல்லாமல் கொள்ளாமல் மரத்துப்போய்க்கொண்டிருந்தன.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“எந்த டாக்டரைக் கேக்கறீங்க? ஒருத்தர் கழுத்துல நரம்பு நசுங்குதுங்கறார். இன்னொருத்தர் முழங்கையிலங்கறார். ஊசி குத்தி, கரண்ட் வெச்சுப் பார்த்தவரோ, எல்லாம் சரியாத்தான் இருக்கு, பொறுத்துப் பாப்போம்ங்கறார்.”

“பொறுத்துப் பாருங்க.”

“அதுதான் முடியல.” தணிகாசலத்தின் குரல் உயர்ந்தது. “இன்ன இடம்னு ஒருத்தர் சொல்லட்டும். வெட்டணும்னா வெட்டட்டும். ஆயுசு பூரா நிலம் அளந்தவன் நான். எல்லை தெரியாம எனக்கு இருக்க வராது. தெரியட்டும், அப்புறம் வாளியைத் தொடறேன்.”

அம்மையார் கீரைத் தண்டை ஒடித்தார்.

“இன்னிக்குப் பல் தேய்ச்சீங்களா?”

“தேய்ச்சேன்.”

“எந்தக் கையால?”

“வலது மரத்திருந்தது. இடது கையால.”

“எந்த டாக்டர் சொன்னார், அப்படித் தேய்க்கச் சொல்லி?”

தணிகாசலம் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

பந்திக்கு மணி அடித்தது. அம்மையார் எழுந்து அடுக்களைக்குப் போனார். சாம்பார் வாளியின் பிடியை ஓர் ஓரமாகப் பற்றினார். மறு கையில் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

“பிடிங்க.”

“நீங்க வாளி தூக்கறதா?”

“பிடிங்க, அண்ணே.”

“நடுவுல கை விட்டுட்டா?”

“விடறதுக்கு முன்னாடி சொல்லுங்க.”

இருவரும் தூக்கினார்கள். முதல் வரிசை பாதி தாண்டியது. தணிகாசலத்தின் சுண்டுவிரல் முதலில் போனது. பிறகு பக்கத்து விரல். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பந்தி முழுவதும் பார்க்கிறது. இன்னும் ஓர் இலை. இன்னும் ஓர் இலை. நெற்றி வேர்த்தது.

“அம்மா” என்றார் கடைசியில். “கை மரத்துடுச்சு. இறக்கணும்.”

வாளி தரைக்கு வந்தது.

அவர் கையை உதறினார். கழுத்தை மெல்லத் திருப்பினார். அடுத்த இலையில் ஒரு லாரி டிரைவர் சோற்றில் குழி பறித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“இப்ப?” என்றார் அம்மையார்.

“இல்ல.”

“மெதுவா வாங்க ஐயா” என்றார் டிரைவர். “சோறு எங்க ஓடப்போகுது?”

யாரோ சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்துவிட்டார்.

“இப்ப?”

“தூக்கலாம்.”

இரண்டாம் வரிசையில் மறுபடியும் இறக்க வேண்டியிருந்தது. இந்த முறை பல்லைக் கடிக்காமல் உடனே சொன்னார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

எல்லாரும் எழுந்து போன பிறகு இருவரும் தொட்டியடியில் கை கழுவினார்கள்.

“இன்னிக்கு ஒப்பேத்தியாச்சு” என்றார் தணிகாசலம். “நாளைக்கு இந்தக் கை எப்படி இருக்கும்னு தெரியாதே, அம்மா. தெரியாம எப்படி வர்றேன்னு சொல்றது?”

அம்மையார் கழுவிய வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

“எத்தனை பேர் வருவாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா நாம உலை வைக்கறோம்?”