சேந்தன் கொடுத்த கதவு

தங்கள் ஊர் வாசலைத் தாங்களே திறக்க முடியாதவர்கள் ஆனார்கள் மலையூர்க்காரர்கள். கெட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. சிக்கலே அதில்தான்.

மலையூருக்கு மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. நாலாவது பக்கம் ஒரு கணவாய். போக வர அது ஒன்றே வழி. ஒரு காலத்தில் அந்த வழியாகக் கள்வர் வந்தார்கள். ஆட்டைப் பிடித்தார்கள், ஆளையும் பிடித்தார்கள். ஊர்த் தலைவன் எயினன் வேள் சமவெளிக்கு இறங்கிப் போய்ச் சேந்தனிடம் கையேந்தினான். சேந்தன் பேரரசன். யானைப்படை வைத்திருந்தவன். இரக்கமும் உள்ளவன்தான், பொய் சொல்லக்கூடாது.

தேக்கில் ஒரு பெருங்கதவு செய்து அனுப்பினான். கணவாயை அடைத்துக் கதவை நிறுத்தினார்கள். வெளிப்பக்கம் இரும்புத் தாழ். அதை ஒட்டிக் காவல் குடிசை. கோடன் என்பவன் காவல் தலைவன்.

"காவல் ஏனப்பா வெளியே?" என்று எயினன் கேட்டான்.

"கள்வன் வெளியிலிருந்துதானே வருவான், வேளே" என்றான் கோடன். எயினனுக்கு அது சரியாகவே பட்டது.

சேந்தன் இரண்டே வாக்குக் கேட்டான். என் ஆட்கள்மேல் ஆயுதம் தூக்கக்கூடாது. வில்வநாட்டாருக்குக் கோடன் சம்மதமில்லாமல் கதவு திறக்கக்கூடாது. வில்வநாடு கணவாய்க்கு மேற்கே இருப்பது, சேந்தனுக்கு ஆகாதது. எயினன் தலையாட்டினான்.

கள்வர் ஒழிந்தார்கள். காவல் போகவில்லை. காலையில் கோடன் தாழை இழுப்பான், ஆடுகளும் ஆட்களும் வெளியே போவார்கள். மாலையில் எல்லாரும் உள்ளே வந்ததும் அடைப்பான். எயினன் மறுபடி சமவெளிக்கு இறங்கினான்.

"உங்களிடம் வரி கேட்டேனா, வேளே?" என்றான் சேந்தன்.

"இல்லை."

"என் கொடியை ஏற்றச் சொன்னேனா?"

"இல்லை."

"பஞ்சத்தில் நெல் அனுப்பினேனா, இல்லையா?"

"அனுப்பினீர்கள்."

"பிறகென்ன? காவலை எடுத்தால் கள்வன் வருவான். இருக்கட்டும்."

எயினன் எழுந்துகொண்டான். நல்லது செய்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? பட்டு போர்த்தி அனுப்பினார்கள். ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கோடன் வணங்கினான், கதவைத் திறந்தான், அவனை உள்ளே விட்டான், அடைத்தான்.

எயினன் மகள் வேம்பியை வில்வநாட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கதவு வருவதற்கு முன்பே நடந்த கல்யாணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? நிறைமாதத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு புருஷன் வீட்டார் வந்தார்கள். வில்வநாட்டுத் தலைகள் தெரிந்ததும் கோடன் அன்று கதவையே திறக்கவில்லை. அவர்களைக் கணவாய் வளைவிலேயே நிறுத்தினான். வேம்பியை மட்டும் கதவடிவரை விட்டான். உட்காரப் பாய் கொடுத்தான், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். தாழை மட்டும் தொடவில்லை.

"கோடா, அவள் என் மகளப்பா" என்றான் எயினன் உள்ளிருந்து.

"தெரியும், வேளே. இன்று வில்வநாட்டு மருமகள். அரசருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். சொல் வரட்டும்."

"எப்போது வரும்?"

"இறங்கி ஏற வேண்டாமா? நாளாகும்."

"பிள்ளை உன் அரசனைக் கேட்டுக்கொண்டா வரும்?"

வெளியிலிருந்து வேம்பியின் குரல் வந்தது. "அப்பா, அவனிடம் கெஞ்சாதீர்கள். வலி எனக்கு. உங்கள் குரல் ஏன் நடுங்குகிறது?"

அவளுடைய தாய்மாமன் விழுதன் கோடரியோடு ஓடி வந்தான். "தள்ளுங்கள் அத்தான், கதவைப் பிளக்கிறேன்."

"பிளந்தால் கோடன் தடுப்பான். தடுத்தால் நீ அவனை வெட்டுவாய். நாளை யானை வரும், ஊர் இருக்காது. வாக்கு கொடுத்திருக்கிறேனடா."

"வாக்கைத் தொட்டிலில் போட்டு ஆட்டுங்கள். பிள்ளை இருக்காது."

கையை இவன் பிடிக்க, அவன் உதற, இருவரும் கதவுக்கு உள்ளே மல்லுக்கட்டினார்கள். வெளியே வலி முற்றியது. பிரசவம் நடக்கும் இடத்தில் ஆயுதம் பிடித்தவன் நின்றால் போரில் கை விளங்காது என்பது சேந்தன் படையில் நம்பிக்கை. கோடனும் ஆட்களும் வேல்களை எடுத்துக்கொண்டு வளைவுக்கு அப்பால் போய், முதுகைக் காட்டி நின்றார்கள்.

இங்கே கதையை நிறுத்துகிறேன். பிடி மண் எடுக்காத சேந்தன் செய்தது உதவியா, ஆதிக்கமா? வாக்கைக் காத்த எயினன், கோடரி தூக்கிய விழுதன், ஆணையைக் காத்த கோடன், இந்த மூவரில் யார் செய்தது சரி? சொல்லிவிட்டு மேலே படி.

விடை: மூவரும் இல்லை. ஆதிக்கம்தான், சந்தேகம் வேண்டாம். வரியைப் பார்க்காதே, கொடியைப் பார்க்காதே, தாழைப் பார். கள்வனைத் தடுக்கிற கதவுக்குத் தாழ் உள்ளே இருக்கும். வெளியே தாழ் போடுவது தொழுவத்துக்கு. தொழுவத்து மாட்டுக்கும் வேளைக்குத் தீனி உண்டு. இது எயினனுக்குத் தெரியவில்லை, விழுதனுக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் தாழ் இருந்த பக்கம் இருந்தாள். காவல் நகர்ந்ததும் கதவைப் பிடித்து எழுந்தாள், பல்லைக் கடித்துத் தாழை இழுத்தாள், உள்ளே வந்து அப்பன் காலடியில் பெற்றாள். சேந்தன் ஆட்கள்மேல் யாரும் ஆயுதம் தூக்கவில்லை. எயினன் கதவைத் திறக்கவும் இல்லை. அவள் யாருக்கும் வாக்கு கொடுத்தவளும் அல்ல. பிள்ளை அழுத கையோடு தாழைக் கழற்றி உட்பக்கம் அடிக்கச் சொன்னாள். தாழ் எந்தப் பக்கம் என்று சேந்தன் வாக்கு வாங்கவில்லையே! கோடன் திரும்பி வந்து தள்ளிப் பார்த்தான், பிறகு தட்டினான். அந்தக் கதவை ஒருவன் தட்டியது அதுதான் முதல் தடவை. தட்ட வைத்தவள் வேம்பி.