பதின்மூன்றாம் நாள் வலி

கடலில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடுகிற டிரையத்லான்தான் இன்பராஜின் பிழைப்பு. வயது முப்பத்தாறு. அவனுடைய கோச் ரெஜினா அவனைவிட ஐந்து வயது இளையவள். ஆனாலும் கோவளத்துக் கடலில் அவள் சொன்னால் இறங்குவான், சொன்னால் ஏறுவான்.

தேசியப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ரெஜினா பயிற்சியைப் பாதியாக வெட்டினாள். உடம்பு தேறட்டும் என்று எல்லாரும் செய்வதுதான். இன்பராஜுக்கு அது ஒத்துவரவில்லை. களைத்து விழுந்த நாட்களில் எதுவும் வலித்ததில்லை. ஓய்வு கொடுத்ததும் உடம்பெல்லாம் வலி முளைத்தது.

முதல் நாள் முழங்கால்.

"கோச், பிடிச்சு இழுக்குது."

அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். "ஓடுங்கண்ணே."

இரண்டாம் நாள் தொண்டை. மூன்றாம் நாள் தோள்பட்டை. நான்காம் நாள் இடது காது.

"காதாலயா ஓடப் போறீங்க?"

"சிரிக்காதீங்க கோச். முதல் மூணு இடத்துல வந்தாத்தான் இந்திய அணியில இடம். இந்தத் தடவை விட்டா அடுத்த வருஷம் என்னை யாரு கூப்பிடுவா?"

"சிரிக்கலை. காதைக் காட்டுங்க."

காட்டினான். பார்த்தாள். "போய் நீந்துங்க."

ஆறாம் நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எது நிஜ வலி, எது பயத்துல வர்ற வலி? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ரெஜினா அவன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "தெனமும் வந்து சொல்லுங்க."

"இது ஒரு பதிலா?"

"இன்னைக்கு எங்க?"

"இடுப்பு" என்றான் எரிச்சலாக.

குதிகால், விலா, ஒரு நாள் கடைவாய்ப்பல். ஒன்றைக்கூட அவள் தொட்டுப் பார்க்காமல் விடவில்லை. மறுநாள் அது போய் வேறொன்று வந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் மாலை மெதுவாக ஓடித் திரும்பும்போது, வலது கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, எலும்பில் ஏதோ குத்தியது. வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினான். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம். கண்ணில் நீர் முட்டியது. ஒற்றைக் காலில் ஒரு தரம் குதித்துப் பார்த்தான். இரண்டாம் தரம் குதிக்கவில்லை.

காலையில் நீளமான சாக்ஸாகத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ரெஜினா சாலையோரம் ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே. இன்னைக்கு எங்க?"

"எங்கயும் இல்ல கோச். சூப்பரா இருக்கேன்."

"தொண்டை?"

"சரியாப் போச்சு."

"காது?"

"நல்லாக் கேக்குது." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவள் சொல்வதற்கு முன்பே போய்க் கோட்டில் நின்றான். அவள் வாட்சை உயர்த்தினாள். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"ஷூவைக் கழட்டுங்க."

"எதுக்கு? வெயில் ஏறுது கோச்."

"கழட்டுங்கண்ணே. சாக்ஸையும்."

தரையில் உட்கார்ந்து முதலில் இடது கால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான். முடிச்சு அவிழ்க்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டான். அவள் குந்தி உட்கார்ந்து அந்தக் காலைப் பார்த்தாள்.

"அடுத்தது."

வலது சாக்ஸைச் சுருட்டி இறக்கினான். அவள் விரலை நீட்டினாள். அது படுவதற்குள் காலை இழுத்துக்கொண்டான்.



"சொன்னா பேரை எடுத்துருவீங்க" என்றான்.

"இன்னைக்கே ஸ்கேன் எடுப்போம். எலும்புல விரிசல் இருந்தா பேரை எடுத்துருவேன்."

"கோச்..."

"எடுத்துருவேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அவர்களைத் தாண்டி ஒரு பேருந்து போயிற்று. இன்பராஜ் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கேட்டான்.

"இதை நீங்க தொடவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?"

ரெஜினா ஓடாத வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"பன்னெண்டு நாளா வந்த வலியெல்லாம் எங்கிட்ட குடுத்தீங்க" என்றாள். "இதை மட்டும் நீங்களே வச்சுக்கிட்டீங்க."