நிழலை விடாத கார்

கார் பற்றித் தெரியாதவர்கள் பேசாமல் இருந்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. மண்ணாங்குடி மாமன்மார் மூவருக்கும் அது ஏனோ தோன்றியதே இல்லை. மூத்தவர் ராக்கப்பன், அடுத்தவர் சடையாண்டி, இளையவர் கோட்டைச்சாமி. மூவருக்கும் பொதுவாக ஒரு பழைய கார், ஒரு அக்கா மகள்.

அக்கா மகள் தமயந்தி இயற்பியலில் முதுகலை முடித்தவள். டவுன் கல்லூரியில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல், காலை பத்தரைக்கு. பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

"தாய்மாமன் மூணு பேர் இருக்கையில பஸ்ஸா? ஊர் என்ன பேசும்?" என்றார் ராக்கப்பன்.

ஊர் பேசுவது முக்கியம். அவள் வேலை அப்புறம்.

வண்டி அடிக்கடி சூடாகும். மெக்கானிக் மூன்று விஷயம் சொல்லியிருந்தார். சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போகக் கூடாது. சூடானால் நிழலில் நிறுத்த வேண்டும். ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது.

முதலாவதை முந்தின நாளே முடித்துவிட்டார்கள். கோட்டைச்சாமி ஊசிக்கு மேலிருந்த கண்ணாடியைக் கழற்றி, சிவப்பு இருந்த இடத்தில் பச்சை பெயிண்ட் அடித்தார். இனி ஊசி எப்படிச் சிவப்புக்குப் போகும்?

டவுனுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் காரின் முகத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஊசி பச்சையில் நிம்மதியாக நின்றது.

சாலையில் மரமே இல்லை. டீக்கடை முன்னால் செங்கல் லாரி ஒன்று நின்றது. காரை அதன் நிழலுக்குத் தள்ளினார்கள். தமயந்தி தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"ஆறினதும் இதை ரேடியேட்டர்ல ஊத்தலாம் மாமா. எனக்கு இப்ப ஒரு வாய் வேணும்."

சடையாண்டி பாட்டிலைப் பிடுங்கினார். "மூடியைத் திறக்கக் கூடாதுன்னாரே."

"அது ரேடியேட்டர் மூடி, மாமா."

"எந்த மூடின்னு அவர் சொன்னாரா அண்ணே?"

"சொல்லலை," என்றார் ராக்கப்பன். "அப்ப எல்லா மூடியும்தான்."

டிபன் டப்பாவும் பறிமுதலானது.

"நான் படிச்சதே வெப்பத்தைப் பத்தித்தான் மாமா."

"அது காலேஜ் சூடு. இது கார் சூடு. ரெண்டையும் குழப்பாதே," என்றார் கோட்டைச்சாமி.

அப்போது லாரி புறப்பட்டது. நிழலும் புறப்பட்டது. மூவரும் பதறி, காரைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். முன்னால் சூரியன், நடுவில் லாரி, பின்னால் நிழல். சாலை முழுக்கக் குழி என்பதால் லாரி ஆள் நடக்கும் வேகத்தில்தான் போனது. தமயந்தி வாதாடுவதை நிறுத்திவிட்டு ஓடிப்போய் டிரைவரிடம் கேட்டாள்.

"காலேஜ் பக்கமா போறீங்க?"

"கல்லே அங்கதாம்மா இறங்குது. ஏறு. பின்னால வர்றவங்க யாரு?"

"தெரியாது," என்றாள்.

பத்து இருபத்தைந்துக்குக் கல்லூரி வாசலில் இறங்கி உள்ளே ஓடினாள். வெளியே வந்தபோது உச்சி வெயில். வேலை கிடைத்துவிட்டது.

வாசலில் கல் இறங்காத லாரி. பக்கத்தில் கார். மாமன்மார் மூவரும் சட்டையைக் கழற்றிவிட்டு லாரிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமயந்தி காரின் முன்பக்கம் கை வைத்துப் பார்த்தாள்.

"வண்டி எப்பவோ ஆறிருச்சே மாமா."

"ஆறினப்புறம் வெயில்ல விடலாம்னு மெக்கானிக் சொல்லலையே," என்றார் சடையாண்டி. "நிழல் பூராவும் லாரிக்கு அடியில போயிருச்சு."

"எனக்கு வேலை கிடைச்சிருச்சு."

"சந்தோஷம்மா," என்றார் ராக்கப்பன், நிமிராமலே. "பையை வெச்சுட்டு இந்தப் பக்கம் வந்து பிடி. லாரியைக் கொஞ்சம் தூக்கணும்."