உடும்பின் சாட்சி

ஆற்றோரமாய்ப் படுத்துக் கிடந்த ஒரு காட்டில், குழந்தைகளே, ஓர் உடும்பு இருந்தது. மரமோ பாறையோ, ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், விடாது. அந்தப் பெருமை அதன் தலைக்கு ஏறியிருந்தது.

ஞாயிறுதோறும் மருதமரத்தடியில் கூடி, ஒவ்வொருவராய் எழுந்து தங்கள் நம்பிக்கையைப் பற்றிச் சாட்சி சொல்வது அந்தக் காட்டு வழக்கம். "வெள்ளம் வரும் நாளில் நான் வந்து உங்களை அக்கரை சேர்ப்பேன்" என்று மலையிலிருக்கும் யானை வாக்குக் கொடுத்திருந்தது. யார் கரை சேர்வார், எதனால் சேர்வார் என்பதுதான் அங்கே ஓயாத சண்டை.

"விசுவாசம் ஒன்றே போதும்! நம்முடைய கையால் ஆவது ஒன்றுமில்லை!" என்று உடும்பு தொண்டை கிழியக் கத்தும்.

"சும்மா கிடக்கிறவனுக்குக் கரை எதுக்கு? நற்கிரியைதான், நாம செய்யற நல்ல காரியம்தான், கொண்டுபோய்ச் சேர்க்கும். அணிலுக்குத் தேன் கொடுத்தது யாரு? நான்!" என்று கரடி மார்தட்டும். கொடுத்தது ஒரு சொட்டு. அதைச் சொல்லிக்காட்டியதோ ஒரு வருஷம்.

பெருச்சாளி மட்டும் வாயைத் திறக்காது. கிழங்கு திருடிப் பேர் கெட்டுப்போன அதற்கு, சாட்சி சொல்ல எழுந்து நிற்கவே வெட்கம்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. பொழுது விடிந்தால் காடெல்லாம் தண்ணீர். நீச்சல் தெரிந்தவர்களையும் உருட்டிப் போடும் வெள்ளம். எல்லாம் மேட்டுக்கு ஓடின. ஒரு முயலின் கால் மட்டும் சரிவிலே ஒரு வேருக்குள் சிக்கிக்கொண்டது. தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது.

"உடும்பண்ணே! உங்க பிடி ஊரறிஞ்ச பிடியாச்சே, கொஞ்சம் இழுத்து விடுங்களேன்!"

உடும்பின் நெஞ்சு துடிக்கத்தான் செய்தது. ஆனால் இறங்கினால், 'பார்த்தீர்களா, கடைசியில் கிரியைக்குத்தான் வந்தான்' என்று கரடி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுமே!

"விசுவாசமாய் இரு, முயலே. உனக்காக ஜெபிக்கிறேன்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"கரடியண்ணே, நீங்களாவது!"

"இந்த மாசத்து நற்கிரியையை நேத்தே செஞ்சு முடிச்சிட்டேனேப்பா" என்றது கரடி.

தொப்பென்று ஒரு சத்தம். பெருச்சாளி தண்ணீரில் குதித்து, வேரைக் கடித்து அறுத்து, முயலை மேட்டுக்கு இழுத்து வந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? செத்திருப்பியே!" என்றது உடும்பு.

"யானைதான் வரேன்னு சொல்லியிருக்கே" என்றது பெருச்சாளி, மூச்சு வாங்க. "அது வர்ற வரைக்கும் இவன் தலை தண்ணிக்கு மேல இருந்தாப் போதும்னு இறங்கிட்டேன்."

உடும்புக்குச் சுருக்கென்றது. ஆனால் காட்டிக்கொள்ளுமா?

மேடும் முழுகத் தொடங்கிய வேளையில், சொன்ன சொல் தவறாமல் யானை வந்தது. சின்ன உயிர்களெல்லாம் மடமடவென்று அதன் முதுகில் ஏறிக்கொண்டன.

"கரடி, நீயும் ஏறு."

"முதல்ல நான் செஞ்ச நன்மையெல்லாம் கேளுங்க. ஒண்ணு, அணிலுக்குத் தேன். ரெண்டு..." ரெண்டாவது என்னவென்று யாருக்கும் தெரியாது; அதற்குள் வாயில் தண்ணீர் புகுந்துவிட்டது. யானை அதைத் தும்பிக்கையால் சுருட்டித் தூக்கிக்கொண்டது. பிறகு பாறை உச்சியில் ஏறி நின்ற உடும்பைப் பார்த்தது.

"உடும்பே, முதுகில் இடமில்லை. என் வாலைப் பிடித்துக்கொள்."

"பிடிக்கிறதா? அதுவும் என் கிரியையாகிவிடுமே! நான் சும்மா நிற்பேன். நீங்களே என்னைச் சேர்த்துவிடுங்கள்."

யானை திரும்பி நடந்தது. தண்ணீர் உடும்பின் கழுத்துக்கு வந்தது, மூக்குக்கு வந்தது. அவ்வளவுதான். ஒரே தாவல்! பிடித்த பிடியில் யானை பிளிறியேவிட்டது. அக்கரை சேர்ந்த பிறகும் அந்தப் பிடியை விடுவிக்க நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்ல முதலில் எழுந்தது யார் என்கிறீர்கள்? நம் உடும்புதான்.

"நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை! என் விசுவாசமே என்னைக் கரை சேர்த்தது!"

முயல் மெல்ல எழுந்தது. "அண்ணே, அப்போ யானை வாலுல இருக்கிற பத்து நகக்காயம் யாரோடது?"

உடும்பு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"எல்லாரும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாடுவோம்" என்றது.

நீதி: விசுவாசம் மெய்யானால் கைகால் தானாக அசையும், வாய் மட்டும் அசைந்தால் அது வெறும் சத்தம்.